கம்பளிக்குத் தீட்டில்லை

திருப்பதி
21-6-1959

உங்களுக்கு நமஸ்காரம். உங்கள் அம்மா சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதம் வந்து மாசத்துக்கு மேல் ஆகிறது.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மாடிக் கூடத்துக் கம்பளங்களைச் சுத்தம் பண்ண ஒரு மிஷின் வாங்கி அனுப்ப வேண்டும். போன வாரம் மாடியில் தங்கியிருந்த மதராஸ் வக்கீலின் சம்சாரம் சொன்னாள், அவர்கள் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறதாம். தள்ளிக்கொண்டே போனால் அடியில் கிடக்கிற தூசியெல்லாம் அதற்குள் போய்விடுமாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "என்ன மாமி, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்றாள்.

நீங்கள் இந்த வீட்டில் பிறந்தவர். ஆனால் அந்தக் கம்பளங்களை ஒரு நாளும் தட்டினவர் இல்லை. அதனால் சொல்கிறேன். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் தலையில் அப்பின சந்தனம், இங்கே வந்து படுத்த பிறகுதான் காய்ந்து உதிர்கிறது. அதோடு காதோரம் ஒட்டிக்கொண்டிருந்த மயிர்த்துணுக்கு, லட்டுத் தூள், கால் மண். எல்லாம் கம்பளத்துக்குள் இறங்கி அங்கேயே குடியிருக்கிறது. விளக்குமாறு மேலே இருப்பதைத்தான் வாரும். திருச்சானூர் முனிரத்தினம் வந்து மொட்டைமாடியில் விரித்துத் தட்டிக் கொடுத்த வரையில் கவலையில்லை. அவன் பஸ் கம்பெனியில் மூட்டை ஏற்றப் போய்விட்டான். மாசி மாசத்திலிருந்து நான்தான் தட்டுகிறேன். தட்டின அன்றெல்லாம் இழுப்பு வந்துவிடுகிறது. டாக்டர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "மந்து நேனு இஸ்தானு, தும்முலோ நிலபடிதே ஏம் லாபம்?" என்றார். அவர் மருந்து கொடுப்பாராம், நான் தூசியில் போய் நின்றால் என்ன பிரயோசனம் என்கிறார். தூசியை விடாவிட்டால் இரண்டு மழைக்காலம் தாங்குவது கஷ்டம் என்றும் சொன்னார்.

கம்பளத்தைச் சுருட்டி வைத்துவிடேன் என்பீர்கள். அம்மாவைக் கேட்டேன். "கம்பளிக்குத் தீட்டில்லைடி. நானா ஜாதியும் வந்து மாடியில படுக்கறா. கீழே பெருமாள் எழுந்தருளியிருக்கார். கம்பளம் விரிச்சிருக்கோ, நான் நிம்மதியா தளிகை பண்றேன். வெறுந்தரைன்னா வேளைக்கு வேளை மாடியை அலம்பி விடுவியா நீ?" என்றாள். மாடியை வாடகைக்கு விடாமல் இருக்கவும் வழியில்லை. அது உங்களுக்கே தெரியும்.

ராஜ்யம் பிரிந்து திருப்பதி ஆந்திராவுக்குப் போனபோது யாரையும் கேட்காமல், மதராஸ் பக்கமே இருக்கிறேன் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் எதுவும் கேட்டதும் இல்லை. இது ஒன்று கேட்கிறேன்.

ஸத்யபாமா


திருவல்லிக்கேணி
5-7-1959

சௌபாக்கியவதி ஸத்யபாமாவுக்கு ஆசீர்வாதம். அம்மாவுக்கு என் சேவித்தல். வழக்கம்போல் இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டவும்.

மவுண்ட் ரோடில் மூன்று கடைகளில் விசாரித்தேன். ஒன்று, கைப்பிடி வைத்த பெட்டி. அடியில் உருளைப் பிரஷ். தள்ளத் தள்ள பிரஷ் சுற்றித் தூசியைப் பெட்டிக்குள் வாரிப் போடுகிறது. மின்சாரம் வேண்டாம். இன்னொன்று மின்சாரத்தில் தூசியை உறிஞ்சுவது. போடும் சத்தம் அரிசி மில் மாதிரி. சோப்பு நுரையைக் கம்பளத்துக்குள் செலுத்தித் தேய்க்கிற வகையும் உண்டாம், அதற்குச் சீமைக்கு எழுத வேண்டும். ஈரமான கம்பளம் காயாமல் நாற்றம் எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "சார், இதுவரை யாரும் கேட்காத கேள்வி" என்றான் கடைச் சிப்பந்தி. பாராட்டா, கேலியா தெரியவில்லை.

அவன் கம்பளத்தின் மேல் மைதா மாவைத் தூவி, மின்சார மிஷினை ஒரு தடவை இழுத்தான். மாவு போன இடம் தெரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனாலும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

எல்லைத் தகராறு முடிவுக்கு வருகிறது. திருத்தணி மதராஸோடு சேர்ந்துவிடும் என்கிறார்கள். சேர்ந்தால் அங்கே ஆபீஸ்களுக்கு ஆள் வேண்டியிருக்கும். அங்கிருந்து சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்துபோகலாம். பார்க்கலாம்.

தூசியில் அதிகம் நிற்காதே.

வெங்கடராகவன்


திருப்பதி
13-7-1959

நமஸ்காரம். தூசியில் நிற்காதே என்று எழுதினீர்கள். நான் ஆசைப்பட்டா நிற்கிறேன்?

மைதா மாவு வித்தையை நம்ப வேண்டாம். மேலே தூவினதை நான் வாயால் ஊதினாலும் போய்விடும். வேலையில் சேர்ந்த வருஷம் உங்களுக்கு அப்பா கொடுத்தனுப்பின சின்னக் கம்பளத் துண்டு பெட்டியில் கிடக்கும். அதில் கெட்டியாகச் சந்தனத்தைக் குழைத்துப் பூசுங்கள். குதிகாலால் நன்றாக மிதியுங்கள். நாலைந்து நாள் காயட்டும். பிறகு கடைக்கு எடுத்துக்கொண்டு போய், எந்த மிஷின் அடியில் இருப்பதை எடுக்கிறது என்று பாருங்கள். அதை வாங்குங்கள். புரட்டாசி உற்சவத்துக்குள் வந்து சேர வேண்டும். உற்சவத்துக்கு முன்னால் எல்லாக் கம்பளங்களையும் தட்டியாக வேண்டும்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். "அந்த உருளைப் புருசு எதால பண்ணினது? தேங்காய் நாரா, பனை நாரா? கேட்டு எழுதச் சொல்லு. கண்டதை ஆத்துக்குள்ளே விட முடியாது."

பஸ் ஸ்டாண்டில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். இளைத்திருக்கிறான். "என்னாம்மா, இப்போ யாரு தட்றாங்க?" என்றான். நான்தான் என்றேன். "ஐயோ, அத்த நீ தூக்கக்கூட மாட்டியேம்மா. எங்கள மாதிரி ஆளுங்க படுக்கத்தான் அந்த ஆட்டு மயிர விரிச்சி வச்சிகினு கீறீங்க. தட்றதுக்கும் நாங்கதான் வரணும், வேற யாரு?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான்.

சீக்கிரம் அனுப்புங்கள்.

ஸத்யபாமா


திருவல்லிக்கேணி
16-8-1959

சௌபாக்கியவதி ஸத்யபாமாவுக்கு ஆசீர்வாதம். அம்மாவுக்கு என் சேவித்தல்.

தாமதத்துக்குக் காரணம் ஆபீஸ் வேலையும், நீ சொன்ன பரீட்சையும். சந்தனம் பூசி மிதித்துக் காயவைத்தேன். அறையில் கூட இருக்கும் இருவரும், எனக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் சிப்பந்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "கோயிலிலிருந்து வருகிறீர்களா சார்?" என்றான்.

நீ சொன்னது சரி. மின்சார மிஷின், அங்கே இருப்பதில் சின்னது, மேலோடு இழுத்துவிட்டு நின்றுவிட்டது. உருளைப் பிரஷ் வைத்த கைப்பெட்டி, அழுத்தித் தள்ளத் தள்ள சந்தனத்தைப் பொடிப் பொடியாகக் கெல்லி எடுத்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன், கைப்பிடியளவு இருந்தது. எனவே அதையே வாங்கி ரயில் பார்சலில் அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்போ பின்போ வந்து சேரும்.

அம்மா கேட்டபடி பிரஷ் எதனால் ஆனது என்றும் விசாரித்தேன். தேங்காய் நாரும் இல்லை, பனை நாரும் இல்லை. பன்றி மயிர். அதுதான் விறைப்பாக நிற்குமாம், கம்பளத்தின் அடிவரை இறங்குமாம். ஆகவே பொருள் உறுதியானது.

வெங்கடராகவன்


திருப்பதி
24-8-1959

நமஸ்காரம்.

ஒரு பொய் எழுதியிருக்கக் கூடாதா? பனை நார் என்று இரண்டு வார்த்தை. யார் குடி முழுகிப்போகும்?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு நான் எப்படி வாசிப்பேன் என்று தெரியாதா? ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. உங்கள் ஆபீஸ் கிறுக்கலை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். மேலே என்ன இருக்கிறது என்று கண் பார்ப்பதற்குள் வாய் சொல்லி முடித்துவிடுகிறது. "பனை நாரும் இல்லை" என்று வாசித்து மூச்சு வாங்கினேன். அடுத்தது "பன்றி" என்று வந்துவிட்டது. நிறுத்தினேன். அம்மா, "என்னது, என்னது, மறுபடியும் வாசி" என்றாள். வாசித்தேன். வேறென்ன செய்ய?

அன்றைக்குச் சாயந்தரமே முனிரத்தினம் ஸ்டேஷனிலிருந்து பார்சலைத் தலையில் சுமந்துகொண்டு வந்து நின்றான். பழைய விசுவாசம், கூப்பிட்டதும் வந்தான். அம்மா வாசலைத் தாண்ட விடவில்லை.

"இன்னாம்மா இது, மலையில வராக சாமியத்தான் மொதல்ல கும்பிடணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. அவரு மயிரு மட்டும் ஆவாதா?" என்றான்.

"வராகப் பெருமாளைச் சேவிக்கணும். அவர் மயிரால கூடத்தைப் பெருக்கணும்னு எந்தச் சாஸ்திரத்திலே இருக்கு? வாயை மூடிண்டு தூக்கிண்டு போ."

"ஆட்டு மயிரு மேல பன்னி மயிரு ஓடினா யாருக்கு இன்னா நஷ்டம்? தோ, தூக்கிகினு போறேன், கோச்சிக்காதீங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தது இருமலாகி, இருமல் இழுப்பாகி, திண்டாடிப்போனேன். அம்மாதான் வெந்நீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். தடவிக்கொண்டே, "ஆனாலும் அது உள்ளே வரப்படாது, பாமா" என்றாள்.

அதே பார்சலில் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கென்று ஏதாவது எழுத வேண்டுமானால் இனிமேல் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். எழுத வேண்டும் என்று இருந்தால்.

ஸத்யபாமா


திருவல்லிக்கேணி
20-9-1959

பாமா,

இது தனித்தாள். வாசித்துக் காட்ட வேண்டாம்.

பொய் எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேள்வி கேட்டிருந்தாய், விசாரித்துப் பதில் எழுதினேன். ஆபீஸில் இருபது வருஷமாகச் செய்வது அதுதான். உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடையில் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேறு தேடுகிறேன். குதிரை மயிர் வைத்த பிரஷ் உண்டு என்றார்கள், அதையும் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதால் விட்டுவிட்டேன். மயிரே இல்லாததாகப் பார்க்க வேண்டும். உற்சவத்துக்குள் முடியாது.

ஒரு யோசனை. உற்சவம் முடியும்வரை சித்தூரில் உன் அண்ணா வீட்டில் போய் இருந்துவிட்டு வாயேன். மதராஸுக்கே அழைத்துக்கொள்ளலாம் என்றால், நாங்கள் மூவர் ஒரே அறையில் இருக்கிறோம். தனியாக வீடு பார்த்தால் அம்மா வர மாட்டாள். வராவிட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வது? நானும் எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன். அம்மாவிடம் கம்பளத்தை எடுக்கச் சொல்லி நான் எழுதினால் எடுப்பாளா? எழுத உட்கார்ந்தேன். முதல் வரியோடு நின்றுபோயிற்று.

வெங்கடராகவன்


திருப்பதி
25-10-1959

நமஸ்காரம். உற்சவம் நன்றாக நடந்தது. மாடி நிறைய ஆட்கள்.

கம்பளங்களைத் தட்டினோம். அம்மாவும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நான் சித்தூருக்குப் போயிருந்தால் அவள் தனியாகத் தட்டியிருப்பாள். எழுபது வயசு. அதனால் போகவில்லை.

கருட சேவைக்கு மலைக்குப் போக முடியவில்லை. படுத்திருந்தேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன். மாடிப்படியில் மட்டும் நடுவே ஒரு தடவை உட்கார்ந்து ஏற வேண்டியிருக்கிறது.

ஏதாவது ஒரு மிஷினை அனுப்புங்கள்.

ஸத்யபாமா


திருவல்லிக்கேணி
10-1-1960

சௌபாக்கியவதி ஸத்யபாமாவுக்கு ஆசீர்வாதம். அம்மாவுக்கு என் சேவித்தல். இதைத் தாராளமாக வாசித்துக் காட்டலாம்.

மயிர் என்பதே இல்லாத மிஷின் கிடைத்துவிட்டது. மின்சாரத்தில் ஓடுவது. முன்பு பார்த்ததைவிடப் பெரியது, இழுக்கும் சக்தி பலமடங்கு. ஓட்டல்களுக்கும் பெரிய பங்களாக்களுக்கும் வரவழைப்பதாம். குழாய் ரப்பர். வாய் இரும்பு. நானே விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், மிருக சம்பந்தமாக எதுவும் கிடையாது. பின்னால் ஒரு துணிப்பை. தூசியெல்லாம் அதில் போய்ச் சேரும், கழற்றிக் கொட்டிக்கொள்ளலாம். சந்தனப் பரீட்சை மறுபடி செய்தேன். கம்பளத்தின் அடிநூல் தெரிகிற அளவுக்குச் சுத்தமாயிற்று. இதைவிட ஆழமாக எடுக்கிற மிஷின் மதராஸில் கிடையாது என்று கடைக்காரரே சொன்னார். எப்படி வாங்கினேன் என்று கேட்காதே.

மாடியில் பிளக் வைக்க ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள். விளக்குக் கம்பியில் மாட்டினால் எரிந்துவிடும்.

எல்லைச் சட்டம் டில்லியில் நிறைவேறிவிட்டது. ஏப்ரலில் திருத்தணி இந்தப் பக்கம், சத்தியவேடு அந்தப் பக்கம். திருத்தணி ஆபீஸுக்கு என்னை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்ததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

வெங்கடராகவன்


திருப்பதி
6-3-1960

நமஸ்காரம். மிஷின் வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் போட்டபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டு திருநாமம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். இப்போது பழகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம், "எங்காத்துப் பிள்ளையாண்டான் மதராஸிலேர்ந்து அனுப்பினான். மின்சாரத்திலே ஓடறது" என்று சொல்லிக்கொள்கிறாள்.

நல்ல மிஷின்தான். நீங்கள் சரியாகத்தான் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். பெரிய கம்பளம் செங்கல் நிறம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம் இல்லையா? அது மாதுளை முத்துச் சிவப்பு. ஓரத்தில் பச்சையில் கொடி ஓடுகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் மேல் நடக்கிறேன், எனக்கே தெரியாது.

இதுவரை எழுதினதை அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மீதியைத் தனித்தாளில் எழுதுகிறேன்.

அந்தப் பை நூல் துணி. கம்பளிக்குத் தீட்டில்லை. நூலுக்கு உண்டு. உள்ளே இருப்பதோ மொட்டை மயிரும் பலபேர் கால் தூசியும். அதனால் பையைத் தொட்டுக் கொட்டினால் தலை முழுகித்தான் கீழே வர வேண்டும். அம்மா கடுமையாகச் சொல்லவில்லை. "ஒரு சொம்பு தலையிலே விட்டுண்டு வந்துடு, கொழந்தே" என்கிறாள். தினம் கொட்ட வேண்டியிருக்கிறது. சில நாள் இரண்டு தடவை. தை, மாசிப் பனியிலும் பச்சைத் தண்ணீர்தான். மடி ஸ்நானத்துக்கு வெந்நீர் ஆகாது.

இன்னொன்று. மிஷின் ஓடும்போது ஜன்னல் வெயிலில் பார்த்தேன். பருந்தூசி பைக்குள் நிற்கிறது. மாவு மாதிரி இருக்கிறதே, அது துணி வழியாகப் புகைபோல் வெளியே வருகிறது. முன்பு தட்டும்போது தூசி கண்ணுக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இது தெரிவதில்லை. மிஷின் நின்ற பிறகு நாக்கில் சந்தனம் கசக்கிறது.

டாக்டரிடம் சொன்னேன். அடுத்த மழைக்கு முன்னால் இந்த வீட்டை விட்டுப் போய்விடு, அவ்வளவுதான் சொல்வேன் என்றார். அவருக்கும் என்னிடம் அலுத்துவிட்டது.

கம்பளம் பளிச்சென்று இருக்கிறது என்று ஆட்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். தேரடிப் பக்கத்தில் சத்திரத்தை மூடுகிற நெல்லூர் வியாபாரி இன்னும் இரண்டு கம்பளங்களை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்டேன். "மிஷின்தான் இருக்கே" என்றாள்.

திருத்தணி என்ன ஆயிற்று?

ஸத்யபாமா


திருத்தணி
18-4-1960

பாமா,

இந்தத் தாளை வாசித்துக் காட்டாதே. அம்மாவுக்கு வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

மாற்றல் கிடைத்துவிட்டது. முதல் தேதியே வந்து சேர்ந்தேன். அன்று கடைத்தெருவில் பட்டாசு வெடித்தார்கள். ஆபீஸ் வாசலில் போர்டைக் கழற்றி வேறு மாட்டினார்கள். பக்கத்து வெற்றிலைக் கடை நாகபூஷணம் மட்டும் கடையைத் திறக்கவில்லை. மறுநாள் போனபோது, "ஏமண்டி, நின்னட்டி தாக்கா நேனு மீ அதிதினி காது கதா?" என்றார். நேற்றுவரை நான் உங்களுக்கு விருந்தாளி இல்லையே, இன்றைக்கு ஆகிவிட்டேனா என்கிறார். வெற்றிலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வீடு பார்த்து எடுத்துவிட்டேன். சின்ன வீடு. சிமெண்டுத் தரை. மாடி கிடையாது, படியும் கிடையாது. பின்னால் கிணறு, ஒரு புன்னை மரம். உள்ளே இருப்பது ஒரு பாயும் என் பெட்டியும். தரையைத் தடவிப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. மலைக்காற்று வருகிறது.

நீ வா. மிஷினும் வேண்டாம், கம்பளமும் வேண்டாம். நீ வந்து இந்த வீட்டில் இரு. அம்மா வந்தால் வரட்டும், வராவிட்டால் சனிக்கிழமைதோறும் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மாடியை அவள் ஒரு ஆள் வைத்து நடத்திக்கொள்ளட்டும். இதை எழுதுவதற்குள் நான்கு தாள் கிழித்தேன்.

மே முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, ரேணிகுண்டா மாறி வருகிற பகல் ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்கிறேன். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. நான் எழுதினால் சரியாக வராது.

வெங்கடராகவன்


திருப்பதி
27-4-1960

நமஸ்காரம். உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். தரையைத் தடவிப் பார்த்தேன் என்று எழுதினீர்களே, அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். கல்யாணமான நாளாக நீங்கள் எனக்கு எழுதினதில் அதுதான் நல்ல வரி.

வந்துவிடுவது என்று தீர்மானம் பண்ணினேன். நாலு புடவையை மூட்டை கட்டினேன். மருந்துச் சீசாவையும் வைத்தேன். அம்மா பூத்தொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன், பை வழியாக வருகிற தூசியையும், தினம் தலை முழுகுவதையும். இதுவரை இத்தனையும் சேர்த்து அவளிடம் நான் சொன்னதில்லை. அம்மா மிச்சப் பூவையும் தொடுத்து முடித்தாள். கடைசியில், "பாவம், கொழந்தை அங்கே தனியாத்தானே இருக்கான்" என்றாள். உங்களைத்தான் சொன்னாள். நான் இத்தனை வருஷம் இங்கே தனியாக இருந்தது அவளுக்குத் தோன்றவில்லை. அப்போதும் எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன், அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மடியில் அரக்குப் பட்டு. அவளுடைய கூறைப்புடவை. பெட்டியின் அடியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தாளே, பேத்தி பிறந்தால் கட்டிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, அதுதான். நடுவில் கிழித்துவிட்டிருந்தாள். மிஷினின் பழைய பையை அளவுக்கு எதிரே போட்டிருந்தாள். ஒரு கோலால் நகர்த்தித்தான், கையால் தொடவில்லை.

"என்னம்மா இது?" என்று கத்திவிட்டேன்.

"பட்டுக்குத் தீட்டில்லைடி. நெருக்கமான நெசவு, தூசியும் வராது. நேத்திக்கே தோணியிருக்கணும் எனக்கு. புத்தி கெட்ட ஜன்மம். இனிமே நீ தலை முழுக வேண்டாம், பாமா. பச்சைத் தண்ணியே வேண்டாம்" என்றாள். கண் சரியாகத் தெரியாமல் விரலெல்லாம் ஊசி குத்தியிருந்தது. ரத்தம் பட்டில் படாமல் இருக்க வாயில் வைத்து வைத்துத் தைத்தாள். பேத்திக்கு என்று வைத்ததை எனக்காகக் கிழித்துவிட்டாள். எனக்குக் குழந்தை இல்லை என்று அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

சாயந்தரம் பையை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். அவளும் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து நின்று பார்த்தாள். புகை குறைந்திருக்கிறது. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது, குறைவு. "பாத்தியா, இப்போ சரியாயிடுத்து" என்றாள். அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு நான் எந்த வாயால் கிளம்புகிறேன் என்று சொல்வேன்? நான் போனால் அந்தப் பையை மாட்டி மிஷினைத் தள்ளப்போவது அவள்தான். ஆள் வைக்கச் சொன்னீர்கள். அந்தப் பட்டுப் பையை வேறொருவர் கையில் கொடுக்க மாட்டாள்.

மார்பு நேற்றிலிருந்து மோசம். பையினால் இல்லை, முன்பே உள்ளே போனது இருக்கிறதே, அது. டாக்டரிடம் இனிப் போகப்போவதில்லை. அவர் சொல்வதையே மறுபடியும் சொல்வார், நான் தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் சிரமம்.

மூட்டையை அவிழ்த்துப் புடவைகளைக் கொடியில் போட்டுவிட்டேன். கர்நூலிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வருகிறதாம், மொட்டை போடுகிற குழந்தைகள் மட்டும் ஏழெட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புதுக் கம்பளங்களையும் விரித்தாக வேண்டும்.

திருத்தணி வீட்டை விட வேண்டாம். மலைக்காற்று வருகிறது என்றீர்களே, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலுக்குப் போய் நிற்காதீர்கள்.

ஸத்யபாமா